மூன்றாவது மன்றாட்டு

ஞாயிறு திருப்பலியில் மூன்றாவது மன்றாட்டை என் நாத்தனார் வாசித்தாள். "செபிக்க முடியாமல், விசுவாசம் குன்றித் தவிக்கும், தையல் தொழில் செய்யும் நம் சகோதரி ஒருவருக்காக..." அவள் முடித்ததும் கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. அதில் என் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. பழக்க தோஷம். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பங்குக் கோயிலில் தையல்காரி என்றால் நான் ஒருத்திதான்.

பத்து நாள் முன்னால் அவளுக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது வாய்விட்டுச் சொன்னதுதான் அது. என் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து செபம் வரவில்லை. உதடு அசைகிறது, செபமாலை விரலில் நகர்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. போனது அவளுக்கும் அண்ணன்தானே, அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். அவளும் அழுதாள். "இது என்னோட போயிடும் அண்ணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாவது முத்தம் கொடுத்தான். இவள் ஒலிபெருக்கியில் வாசித்தாள்.

திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை என்னை ஓரமாக அழைத்தார். நல்ல மனுஷர், அதனால்தான் இன்னும் வலித்தது. "இந்த வருஷம் புதுநன்மை வகுப்புலேர்ந்து கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கோங்கம்மா. செபிக்க முடியாதவங்க சொல்லித்தரலாமான்னு ரெண்டு மூணு பெற்றோர் கேட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். முதல்முறை நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்பது வருஷமாக நான் எடுக்கும் வகுப்பு. வாரம் முழுக்க ஜாக்கெட்டும் பேன்ட்டுமாகக் கழித்துவிட்டு, சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்கும்போது மட்டும்தான், நான் இன்னும் விசுவாசத்துக்கு உள்ளே இருக்கிறேன், வெளியே போய்விடவில்லை என்று தோன்றும். அதையும் பிடுங்கியாகிவிட்டது. யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்கவே வேண்டாம். இரண்டு தடவை அந்த வகுப்பைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்ட என் நாத்தனாரிடம்தான்.

மறுநாள் புதுநன்மைப் பிள்ளைகளின் வெள்ளை முக்காடுகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினொன்று. நாத்தனார் வந்து நின்றாள்.

"கோவமா அண்ணி? பேரா சொன்னேன்?"

"பேரைத்தான் சொல்லலை. தொழிலைச் சொல்லிட்டியே."

"உங்களுக்காக ஊரே வேண்டிக்கட்டும்னு..."

"ஊரே பேசிக்கட்டும்னு சொல்லு."

அவள் கண் கலங்கியது. அது நடிப்பா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் பெரிய கொடுமை. அடிக்க ஓங்கிய கைக்கு முதுகு கிடைக்கவில்லை. சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள்.

"முதல் பாடம், செபம்னா என்னன்னு. நீங்க எப்படி ஆரம்பிப்பீங்க அண்ணி?"

வெட்கமில்லாத கேள்வி. போடி என்றிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

"கண்ணை மூடச் சொல்லு. நன்றி, துதி எல்லாம் அப்புறம். எது ரொம்ப வலிக்குதோ அதை முதல்ல சொல்லச் சொல்லு. அழகாச் சொல்ல வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த முக்காட்டை மடித்து ஊசிக்கு அடியில் வைத்து மிதித்தேன். மெஷின் சத்தம் அறையை நிறைத்தது. யாரும் இல்லை என்ற தைரியத்தில் வாய்விட்டே சொன்னேன்.

"அவ என்னை வித்துட்டா, ஆண்டவரே."

யாரிடம் சொன்னேன் என்பது அப்புறம்தான் காதில் விழுந்தது. கால் தானாக நின்றது. பாதித் தையலில், வெள்ளைத் துணிக்குள் இறங்கிய ஊசி அப்படியே நின்றது.