இரண்டு மணிக்கு முன்

இத்தாலியின் பலேர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையில் இறாலைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த வலன்ரைனுக்குத் தன் மகள் செத்து மூன்று கிழமையாகிறது என்று தெரியாது. பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஏர்னஸ்றுக்குத் தெரியும்.

ஏர்னஸ்ற் அவனுக்குப் பெரியம்மா மகன். பலேர்மோவுக்கு வந்து ஆறு வருடம். கிழட்டு இத்தாலியச் சின்யோரா ஒருத்தியின் வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைக்கிற வேலை. வலன்ரைன் அன்று காலைதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தான். ஏஜென்சிக்காரன் அவனைப் பாங்கொக்கில் ஓர் அறைக்குள் பதினான்கு மாதம் போட்டு வைத்துவிட்டு, பிறகு நாலைந்து நாடு சுற்றவிட்டு அனுப்பியிருந்தான். அங்கே வன்னியில் இடம்பெயர்ந்து கிடந்த கொட்டிலில் மலேரியாக் காய்ச்சல் ஐந்து வயதுக் கிளறாவைக் கொண்டுபோன அன்று அவன் எந்த எல்லையில் நின்றான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுடைய மனைவி செலஸ்ரீனா ஒருவாறு மன்னாருக்கு வந்துசேர்ந்து, பங்குச் சுவாமியார் தங்கும் அறைவீட்டுத் தொலைபேசியில் ஏர்னஸ்றைப் பிடித்து, பிள்ளை செத்ததைச் சொல்லிவிட்டு இரண்டு விஷயம்தான் கேட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை இத்தாலி நேரம் இரண்டு மணிக்குத் தானே அழைப்பு எடுத்து அவனுக்குச் சொல்லுவாளாம். அதற்கு முன் அவனுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுத்துவிட வேண்டுமாம். இரண்டு மணிக்கு வீட்டிலிருந்து எடுப்பார்கள் என்பதை மட்டும் ஏர்னஸ்ற் வலன்ரைனுக்குச் சொல்லியிருந்தான்.

பசித்த வயிற்றுக்கு இழவு சொல்லக்கூடாது என்பது அவர்கள் பிறந்த சின்னத் தீவின் எழுதாத சட்டம். கடலுக்குப் போனவன் திரும்பி வரும்போது வீட்டில் தாயே செத்திருந்தாலும், முதலில் அவன் முன்னால் சோற்றுத் தட்டுத்தான் வரும். சொன்ன பிறகு அவன் எத்தனை நாளைக்கு வாயில் எதையும் வைக்கமாட்டானோ, யார் கண்டது?

“பூசைக்குப் போகேல்லையோ அண்ணை?” என்று ஸ்ரேசனிலேயே வலன்ரைன் கேட்டான். தமிழ்ப் பூசைக்குப் போனால், போன ஞாயிறு அந்தப் பிள்ளைக்காகச் செபித்த அத்தனை பேரும் வாசலில் வந்து அவன் கையைப் பிடிப்பார்கள். வாழ்நாளில் பூசை தவறாத ஏர்னஸ்ற், பின்னேரம் போவம், முதலில் ஊரைப் பார் என்று வாய் கூசாமல் சொல்லி அவனை இழுத்துக்கொண்டு நடந்தான். நான்கு மூலைக் கட்டிடங்களில் கல் அரசர்கள் நிற்கும் சந்தியைக் காட்டினான். அரசர் ஒருவரின் தலையில் புறா எச்சம் வழிந்திருந்தது. ராசா எண்டாலும் புறாவுக்குக் கக்கூசுதான் என்று வலன்ரைன் சொல்ல, ஏர்னஸ்றுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருபது வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடக்கிற பெரிய நாடக மண்டபத்தைக் காட்டினான். கடற்கரையைக் காட்டினான். பேராலயத்துக்குள் வலன்ரைன் ஒரு மெழுகுதிரி கொளுத்தி, இது கிளறாவுக்கு, அவள் சுகமாய் வந்து சேர வேண்டும் என்றான். ஏர்னஸ்றும் ஒன்று கொளுத்தினான். அது யாருக்கு என்று நல்லவேளையாக அவன் கேட்கவில்லை.

வீட்டில் ஏர்னஸ்றின் மனைவி மெற்றில்டா சோறும் மீன்குழம்பும் ஆக்கி வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். வந்ததும் வராததுமாக வலன்ரைன் இறால் பையை அடுப்படியில் வைத்தான்.

“இண்டைக்கு என்ரை சமையல் மச்சாள்.”

பாங்கொக்கில் அறைக்குக் கீழே ஒரு தாய்லாந்துக்காரி சோற்றுக்கடை வைத்திருந்தாளாம். பொழுது போகாமல் அவளுக்கு வெங்காயம் உரிக்கப் போய், தொம் யாம் வைக்கப் பழகினானாம். இறாலும் மிளகாயும் தேசிப்புளியுமாக ஒரு சூப்பு. அங்கே போடுகிற புல்லும் வேரும் இங்கே கிடையாது. தேசித் தோலையும் இஞ்சியையும் போட்டான். மீன் சாற்றுக்குப் பதிலாகச் சந்தையில் வாங்கிய உப்பு நெத்தலியைக் கரைத்தான். கிளறா வந்தால் முதல் நாள் இதுதான், உறைப்பைக் குறைத்துப் போட வேண்டும் என்று அகப்பையை நக்கிப் பார்த்தபடி சொன்னான். மெற்றில்டா முகம் கழுவப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஆறுதலாக, ஒரு கல்யாணத்துக்குச் சமைப்பவன்போல அவன் சமைத்தான். இறக்கி வைக்கும்போது இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்.

அவனே எல்லாருக்கும் பரிமாறினான். புளிப்பும் உறைப்பும் நெஞ்சுவரை இறங்க, ஏர்னஸ்றுக்கு அது உண்மையாகவே ருசித்தது. இந்த நேரத்தில் நாக்கு இப்படி ருசி பார்க்கிறதே என்று வெட்கமாயிருந்தது. ஆனால் வலன்ரைன் தன் தட்டைத் தொடவில்லை. இனி ஐந்து நிமிடம்தானே, பிள்ளையோடு கதைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன், அப்பா சமைத்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றான். ஆறிப்போகும் என்றார்கள். சூடு பண்ணலாம் என்றான். ஒரு வாய் வை என்றார்கள். சின்னப் பிள்ளைக்குத் தீத்துகிற மாதிரி நிற்கிறீர்களே என்று சிரித்தான்.

தொலைபேசி அடித்தது.

அவன் எழும்பினான். ஏர்னஸ்ற் அவனுக்கு முன்னால் பாய்ந்து போய் அதன்மேல் கையை வைத்தான்.

“விடுங்கோ அண்ணை. அவைதான்.”

“சாப்பிட்டிட்டுக் கதை, தம்பி.”

சொன்ன பிறகுதான் ஏர்னஸ்றுக்குத் தான் செய்த பிழை உறைத்தது. வேறு எந்த ஊரானுக்கும் இது வெறும் உபசாரமாக இருந்திருக்கும். வலன்ரைனும் அதே தீவில் பிறந்தவன். இழவு வீடுகளில் அவனும் எத்தனை பேருக்குத் தட்டு நீட்டியிருப்பான்.

வலன்ரைன் ஏர்னஸ்றின் முகத்தைப் பார்த்தான். மெற்றில்டாவைப் பார்த்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். யாருக்கு இழவு என்று அவன் கேட்கவில்லை. திரும்பிப் போய்த் தட்டுக்கு முன்னால் இருந்தான். சூப்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினான். மணி அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. அவன் ஓர் இறாலை எடுத்து, கோதைப் பொறுமையாக உரித்து, தட்டின் ஓரத்தில் வைத்தான். ஏர்னஸ்ற் கையை எடுக்கவும் முடியாமல் தொலைபேசியைத் தூக்கவும் முடியாமல் நின்றான்.

தட்டு முடிந்துகொண்டு வந்தது. வலன்ரைன் நிமிராமல் அதை நீட்டினான்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ மச்சாள்.”

மெற்றில்டா போட்டாள். போதும் என்று அவன் சொல்லவில்லை. அடிப்பானையையும் சுரண்டிப் போட்டாள். மூன்றாம் தரமும் மணி அடிக்க, அவன் தலையைக் குனிந்தபடி, தட்டு முடிந்துவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தான்.