அலை ஏறும்போது திறக்கும் சுவர்

யாராவது வருவதற்குள் இதை மறைத்துவிட வேண்டும், ஜன்னலையே தொட்டுவிட்டதே என்று நினைத்தபடி அவள் பழைய படுக்கைவிரிப்பை எடுத்து ஆணிகளில் மாட்டினாள். கடலிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, இரண்டாவது மாடியில் இருந்த அந்தப் படுக்கையறைச் சுவரில் குழாய்ப்புழுக்கள் குடியேறி ஆறு வருடம் ஆகியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் தொடங்கி, இப்போது சுவர் முழுக்கத் தேனடை போல மணல் குழாய்கள். ஒவ்வொரு புழுவும் தன் குழாயின் வாயில் நின்று ஒரு மணல் துகளை எடுக்கும், திருப்பிப் பார்க்கும், பிடித்தால் இரண்டு புள்ளிப் பசை வைத்து விளிம்பில் ஒட்டும், பிடிக்காவிட்டால் கீழே போடும். கீழே போட்டதை அவள் தினமும் பெருக்கினாள். மணல் எங்கிருந்து வருகிறது என்று முதல் வருடம் யோசித்ததோடு சரி.

கடலில் நீர்மட்டம் உயர்ந்து அலை ஏறும் நேரம் சுவரில் ஈரம் ஊறும், குழாய்களின் மூடிகள் திறக்கும், ஆயிரக்கணக்கான கூந்தல் தலைகள் வெளியே ஆடும். அலை வடிந்தால் அத்தனையும் மூடிக்கொள்ளும். பேருந்து ஓட்டுநரான அவள் கணவன் அதைப் பார்த்தே நேரம் சொல்லப் பழகிவிட்டான். "உன் ஆளுங்க கதவைச் சாத்திட்டாங்க, நான் டூட்டிக்குக் கிளம்பறேன்" என்பான். கீழ்வீட்டு அக்கா வாடை பிடித்து, உங்க வீட்டில் தினமும் மீன் குழம்பா என்று விசாரிப்பாள். ஆமாம் என்று இவளும் தலையாட்டிவைப்பாள். புழுக்கள் இருப்பதில் அவளுக்கு வெட்கமில்லை. அவை ஏன் இங்கே வந்தன என்பது அவளுக்கு மட்டும் தெரியும். வெட்கம் அதில்தான்.

அவளுக்குக் கடல் ஆய்வு நிலையத்தில் வேலை. ஆறு வருடத்துக்கு முன் துறைமுகத்தை நீட்டுவதற்காகத் தெற்குப் பாறையில் உயிர் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார்கள். அலை வடிந்த நேரத்தில் போனாள். பாறை மேலிருந்த மணல் கூடுகள் வறண்டு கிடந்தன. ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். 'வெறும் கூடுகள், உயிரில்லை' என்று அங்கேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள். மாதிரிக்கு எடுத்த கைப்பிடிக் கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாளி கடல்நீரில் போட்டுவைத்தாள். மறுநாள் காலை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

ஒரு போன் செய்திருந்தால் போதும். வேலை தொடங்க ஒரு வாரம் இருந்தது. படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பார்களே என்று எண்ணி, கட்டியைச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அது அங்கேயே காய்ந்தது. தெற்குப் பாறை கான்கிரீட்டுக்குக் கீழே போனது. இந்தப் புழுவின் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரில் அலைந்துவிட்டு, தங்கள் இனத்தின் பழைய பசை இருக்கும் இடத்தில்தான் இறங்கும். அந்தத் தெற்குப் பக்கத்தில் மிச்சமிருந்த பழைய பசை அவள் கட்டிலுக்கு அடியில் மட்டும்தான் இருந்தது. எனவே அவை இங்கே வந்தன.

விரிப்பை மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தவர் நிலையத்தின் பெரிய சார். நல்ல மனிதர், அவள் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் கோப்பைத் திறந்தார். துறைமுகத்தை இன்னும் நீட்ட, இப்போது வடக்குப் பாறையின் முறை.

"போன தடவை எழுதின அதே ரெண்டு வரி போதும்மா. நீ எழுதினா யாரும் மறுபடி போய்ப் பார்க்க மாட்டாங்க. அவ்வளவு நம்பிக்கை உன் மேல."

அந்த நம்பிக்கை அவள் முகத்தைச் சுட்டது. எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்து, விரிப்பை ஆணியிலிருந்து கழற்றினாள். அவர் வாசலில் நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இது எப்படி மாடி வீட்டுக்கு வந்தது என்று கேட்கவில்லை.

"வெறும் கூடுதானேம்மா?"

"நானும் அப்படித்தான் சார் எழுதினேன். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அவர், நடந்தது நடந்துவிட்டது, நாளைக்குள் கோப்பு போகவேண்டும் என்று தணிந்த குரலில் சொல்லிப் பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கி, மூடியைப் போட்டு, அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள். நாற்காலி ஒன்றை இழுத்துச் சுவரைப் பார்க்கப் போட்டாள்.

"நாலே காலுக்கு அலை ஏறும், உக்காருங்க சார். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."