மேடேறும் பனித்தண்ணீர்

மெத்னயா பால்கா ஊரில் பனி உருகினால் தண்ணீர் ஆற்றுக்கு இறங்குவதில்லை. மேடேறி, செம்பு உருக்காலையின் நான்காம் புகைபோக்கிக்குப் போகும். இதற்குக் காரணம் அக்லாயாதான் என்று ஊர் இன்றும் அவளைக் கரித்துக் கொட்டுகிறது.

அவள் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஒவ்வொரு மார்ச்சிலும், உருகல் தொடங்குமுன், சோதனைக்காகத் தெருத்தெருவாகப் பனியைத் தரைவரை தோண்டி எடுப்பாள். உலோகம் பட்டால் சோதனை கெட்டுப்போகும் என்பதால் பிளாஸ்டிக் மண்வாரி. கல்யாண மோதிரம்கூட உப்பு ஜாடிக்குள். அவள் புருஷன் கோந்த்ராத்துக்கு நான்காம் உலையில் இருபது வருட வேலை. வெறும் விரலைப் பார்த்த ஊர், அவனை அவள் கைகழுவிவிட்டதாகக் கதை கட்டியது. சோதனையில் பனியில் ஆர்செனிக் நஞ்சு தெரிந்தது. அது வீட்டு அடுப்புப் புகையில் வந்தது என்றது ஆலை. அதோடு கூடவே கிடந்த செம்பும் ஆன்டிமனி என்ற உலோகமும் அடுப்புக்கரியில் அந்த அளவில் வராது, நான்காம் உலையின் தாதுவில்தான் வரும் என்று அறிக்கை எழுதினாள் அக்லாயா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"கையெழுத்துப் போட்டா உலைய மூடிருவாங்க. அப்புறம் நான் உன் பனியையா திங்கிறது?" என்றான் கோந்த்ராத்.

"இப்பவும் அதத்தான் திங்கிற. நம்ம கூரையிலயும் அதே பனிதான்."

போட்டாள். அன்றே அவன் கம்பளிப் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு தொழிலாளர் விடுதிக்குப் போய்விட்டான். அவள் கூப்பிடவில்லை. உலையை யாரும் மூடவில்லை. மோதிரக் கையால் எடுத்த பனி செல்லாது என்று பொய் சொல்லி, அதிகாரிகள் அவளுடைய பனித்தண்ணீர்ப் புட்டிகளை ஆய்வக வாசலில் கவிழ்த்தார்கள். கொட்டிய தண்ணீர் ஒருகணம் தயங்கிவிட்டு, அவர்கள் காலணிகளைச் சுற்றிக்கொண்டு மேடேறியது. அடுத்த வசந்தத்தில் ஊர்ப் பனி மொத்தமும் அப்படியே கிளம்பியது. ஆலை சுவர் எழுப்பியது. தண்ணீர் சுவரிலும் ஏறியது. பிறகு சுவரை இடித்துவிட்டு, தண்ணீர் துடைக்க இரண்டு பேரை வேலைக்கு வைத்தார்கள். ஊருக்கு அவள்மேல் இருந்த கோபம் மட்டும் வற்றவில்லை. ரொட்டிக் கடையில் அவள் முறை வந்தால் கடைக்காரி ஃபைனா சில்லறை இல்லை என்பாள்.

ஐந்தாம் மார்ச்சில் அதே கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் கோந்த்ராத் நின்றான். ஐந்து வருடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வாசல்படி வழியாகத் தண்ணீர் மெல்ல ஏறி வந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"கால எடு. இது எங்க உலைத் தண்ணி, உலைக்கே போகுது."

வரிசையில் யாரும் மறுக்கவில்லை. அக்லாயா காலை எடுத்து வழிவிட்டாள்.