முப்பத்தேழு வீட்டில் சொன்ன பயணம்

ஸ்டேசன் மாஸ்டர் சீவரத்தினம் ஆபிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறாராம் என்று கதை பரவியபோது, சண்டிலிப்பாயில் பாதிப்பேர் மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். மீதிப்பேர் வயிறு நோகச் சிரித்தார்கள். சண்டிலிப்பாயில் ரயிலும் இல்லை, ஸ்டேசனும் இல்லை. மலாயாவில் இருபத்தாறு வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்துவிட்டுப் பென்சனோடு ஊர் திரும்பியவருக்கு அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊர் ஒருவருக்குப் பட்டம் வைத்தால் அது சுடலை வரைக்கும் கூடவே போகும்.

அவர் மனைவி பூரணம் சிரிக்கவில்லை. அந்தச் சிங்கம் தன் வீட்டுக்குச் செய்த உபகாரம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய மாரியில் அவர்களுடைய ஒரே மகன் நெருப்புக்காய்ச்சலில் போய்விட்டான். இருபத்திரண்டு வயது. செத்தவீட்டன்று சீவரத்தினம் அழவில்லை. எட்டுச் செலவு முடிந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது, வந்த சனம் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டது. பிறகுதான் பூரணத்துக்கு விளங்கியது, மனுசன் பேச்சை நிறுத்திவிட்டார் என்று. தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைக் காட்டுவார். சோறு போதுமென்றால் கையை மறிப்பார். சண்டை பிடித்தாலும் பரவாயில்லை என்று அவள் வேண்டுமென்றே கறிக்கு உப்பைக் கூட்டிப் போட்டுப் பார்த்தாள். மனுசன் அதையும் தின்றுவிட்டு எழும்பிப் போனார். எட்டு மாதம் அப்படி ஒரு வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

ஒருநாள் மகனின் பெட்டியைத் துப்புரவாக்கும்போது இங்கிலீசுச் சஞ்சிகை ஒன்று அகப்பட்டது. பூரணம் அதை விறாந்தைச் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். நடுறோட்டில் ஒரு சிங்கம் படுத்திருக்க, காருக்குள் இருந்து வெள்ளைக்காரர் எட்டிப் பார்க்கிற படம் அதில் இருந்தது. கொஞ்ச நேரத்தால் விறாந்தையில் குரல் கேட்டது.

“இஞ்சேரும் பூரணம், இதைப் பாரும். சிங்கம் வெளியிலை நிக்குது, ஆக்கள் கூட்டுக்குள்ளை இருக்கினம்.”

கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு அவள் ஓடிவந்தாள். படத்தையா பார்த்தாள்? அவருடைய வாயைப் பார்த்தாள்.

“உங்களுக்குப் போய்ப் பாக்க விருப்பமோ?” என்று கேட்டாள். அப்படித்தான் தொடங்கியது.

பிறகு அந்த வீட்டில் ஆபிரிக்கா தவிர வேறு பேச்சில்லை. கொழும்பில் கப்பல் ஏறுவது, டர்பனில் இறங்குவது, அங்கேயிருந்து எந்த ரயில், எந்த இடத்தில் மாறி ஏறுவது, காட்டு வாசலுக்கு எத்தனை மணிக்குக் கார் வரும், எல்லாவற்றையும் வருகை, புறப்பாடு என்று கோடு கீறி நேரசூசி போட்டார். பயணம் மூன்று மாதம். சிவப்புப் பென்சிலால் திரும்பிவரும் நாள்கூடக் குறித்தாகிவிட்டது: ஆவணி பதினேழு, காலை ரயில். பூரணத்தையும் கூப்பிட்டார். “நான் வந்தால் மாட்டை ஆர் பாக்கிறது? நீங்கள் போட்டு வந்து சொல்லுங்கோ, நான் கேக்கிறன்” என்றாள் அவள்.

பூரணத்தின் அண்ணன் இளையதம்பி பின்னேரங்களில் வந்து மச்சானைச் சீண்டுவார். “சிங்கம் எத்தினை மணிக்கு வருமெண்டும் எழுதிப்போட்டியளோ?”

“காலமை ஐஞ்சரை. வெய்யில் ஏறினால் பத்தைக்குள்ளை போயிடும்” என்பார் சீவரத்தினம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பூரணம் மோர்மிளகாய் காயவைத்தாள், காய்ந்த பனங்கிழங்கில் ஒடியல் மா இடித்தாள், பனம்பழப் பினாட்டைப் பனையோலைப் பெட்டியில் கட்டினாள். சைவக்காரன் அந்தத் தேசத்தில் எதைத் தின்னுவான்? ஒவ்வொரு சாமானுக்கும் அவர் ஒரு கதை சொன்னார். அவளுக்கு அது போதும்.

கப்பலுக்கு ஐந்து கிழமை இருக்கும்போது கொழும்புக் கப்பல் ஏஜன்சியில் இருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. தைக்கக் கொடுத்த காக்கிக் காற்சட்டையை வாங்கவென்று அவர் பட்டணம் போயிருந்த நேரம். தபால்காரர் காட்டிய துண்டில் பூரணம் கையெழுத்து வைத்து வாங்கினாள். உள்ளே முழுக்க இங்கிலீசு. பக்கத்து வளவில் மிசன் பள்ளிக்கூட ரீச்சர் கத்தரீனா இருந்தாள். வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து அவளிடம் கொண்டுபோனாள்.

கத்தரீனா இரண்டு தரம் வாசித்தாள். “அம்மா, ஆசியாக்காரர் அங்கை இறங்க அந்த அரசாங்கம் உத்தரவு தரேல்லையாம். காட்டுக்குள்ளை தங்கிற இடமும் வெள்ளைக்காரருக்கு மட்டுந்தானாம். ஐயாவை வரவேண்டாமெண்டு எழுதியிருக்கினம்.”

பூரணம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இண்டைக்கே ஐயாட்டைக் குடுத்திடுங்கோ அம்மா.”

“குடுக்கிறன் பிள்ளை. நாளைக்குக் குடுக்கிறன்.”

அட, அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் பின்னேரம் மனுசன் புதுக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் அங்குமிங்கும் நடந்து, “எப்பிடி, துரை மாதிரி இருக்கிறனோ?” என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? இன்னும் இரண்டு கிழமை பேசட்டும், பிறகு இப்போதுதான் வந்தது என்று கொடுப்போம் என்று கணக்குப் போட்டு, கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள்.

அவள் கணக்கில் பஞ்சாங்கம் சேரவில்லை. சாத்திரியார் பார்த்துச் சொன்ன நல்ல நாள் அந்த வெள்ளிக்கிழமையே விழுந்தது. அன்று காலை சீவரத்தினம் அவளிடம் ஒரு சொல் சொல்லாமல் பயணம் சொல்லப் புறப்பட்டுவிட்டார்.

பயணம் சொல்வது சும்மா காரியம் இல்லை. கடல் கடந்து போகிறவன் இனசனத்தின் வீடு ஒவ்வொன்றுக்கும் போய், ‘போட்டு வாறன்’ என்று சொல்லி, அந்த வீட்டில் வாய் நனைத்து, திருநீறு பூசிக்கொண்டு வரவேண்டும். ஒரு வீட்டை விட்டால் அந்த வீட்டோடு ஆயுசுக்கும் கதை பேச்சில்லை. பயணம் சொன்னவன் பிறகு போகாமல் நின்றால், அதைவிடக் கேடு வேறில்லை. சிங்கப்பூருக்கென்று பயணம் சொல்லிவிட்டுக் கொழும்பில் அம்மை போட்டுத் திரும்பிய ஒரு மனுசனுக்கு ‘திரும்பினார்’ என்று பெயர் வைத்தது இந்த ஊர். அவர் செத்து முப்பது வருடம். இன்றைக்கும் அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பினார் வீட்டுப் பெடியள்தான்.

பூரணம் விஷயத்தை அறிந்தபோது மனுசன் பதினொரு வீடு முடித்துவிட்டிருந்தார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் பதினொரு வீட்டோடு போயிருக்கும். அடுத்தநாள் பத்தொன்பது ஆயிற்று. அவள் ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பாள், அவர் அன்றைக்கு எந்த வீட்டில் என்ன தின்றார், எந்தக் கிழவி சிங்கத்துக்குப் பயந்து அழுதாள் என்று சொல்லத் தொடங்குவார், அவள் வாய் தானாக மூடிக்கொள்ளும். கொடிகாமத்து மச்சாள் வீட்டோடு முப்பத்தேழு வீடு முடிந்தது.

சுன்னாகம் ஸ்டேசனில் ரயிலேற்ற ஊரில் பாதி வந்தது. ரயில் வருகிற சத்தம் கேட்டபோது பூரணம் அவர் கையைப் பிடித்தாள். “இஞ்சேருங்கோ, ஒண்டு சொல்லவேணும்.”

“என்னப்பா, அழுகிறீரே? நான் சண்டைக்கோ போறன்? வந்து உமக்கு முதலிலை எல்லாம் சொல்லுவன்.”

சுற்றிவரச் சனம் நின்றது. அவள் கையை விட்டாள்.

அவரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. ஆபிரிக்கத் தபால் வர மாதக் கணக்காகும் என்று இளையதம்பி சமாதானம் சொன்னார். பூரணம் கத்தரீனாவைக் கொண்டு ஏஜன்சிக்கு எழுதுவித்தாள். பதில் வந்தது. கத்தரீனா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி வாசித்தாள்.

“ஐயா அங்கை போயிருக்கிறார் அம்மா. முன்னமே எழுதினனாங்கள் எண்டு சொல்லியிருக்கினம். தனக்கு வரேல்லையெண்டு ஐயா சண்டை பிடிச்சாராம். அப்ப உங்கடை கையெழுத்து உள்ள துண்டை எடுத்துக் காட்டியிருக்கினம். பாத்திட்டு ஒண்டும் கதையாமல் எழும்பிப் போயிட்டாராம். எங்கை நிக்கிறாரெண்டு தெரியாதாம்.”

பூரணம் அழவில்லை. கொழும்பில் ஏதோ ஒரு சந்தில், எட்டடி அறைக்குள், ஊர்க்காரன் எவன் கண்ணிலும் படாமல் மனுசன் ஒளித்திருந்து மூன்று மாதத்தைக் கழிக்கிறார் என்பது அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. முப்பத்தேழு வீட்டில் திருநீறு வாங்கியவர் வேறு எங்கே போவார்?

ஆவணி பதினேழாம் திகதி காலை ரயிலில் சீவரத்தினம் வந்து இறங்கினார். மெலிந்து, வெயில் படாத தோலோடு வந்தார். கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இளையதம்பியிடம். அரைமணித்தியாலத்தில் முற்றம் நிறையச் சனம். பூரணம் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

மனுசன் பேசத் தொடங்கினார். அப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து பூரணம் கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் கேட்டதில்லை. ஒட்டைச்சிவிங்கி பனைமர உயரம் என்றார். யானைக் கூட்டம் ஆறு கடந்ததை அப்படியும் இப்படியும் எழும்பி நின்று காட்டினார். காண்டாமிருகம் காரைத் துரத்தியபோது இளையதம்பியே வாயைப் பிளந்துகொண்டிருந்தார். “என்னடி பூரணம், உன்ரை மனுசன் அளக்கிறாரோ?” என்று கிழவி ஒருத்தி கேட்டாள்.

“இல்லையணை. எல்லாம் உண்மைதான்” என்றாள் பூரணம்.

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் சனம் கலைந்தது. அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்துவிட்டு, அவள் சுவரோடு நின்றாள். “காயிதத்தை ஒளிச்சது நான்தான்” என்றாள். “நீங்கள் கதைக்கிறதை நிப்பாட்டிப் போடுவியளெண்டு பயந்து ஒளிச்சனான்.”

“தெரியும்” என்றார் அவர்.

அவ்வளவுதான். ரசத்துக்குக் கையைக் காட்டினார். அவள் ஊற்றினாள். போதுமென்று கையை மறித்தார்.

அன்றைக்குப் பிறகு அவளோடு செம்பு, கை, தலையசைப்பு மட்டுந்தான். ஆனால் யாராவது படலையைத் திறந்து, “மாஸ்டர், அந்தச் சிங்கக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ” என்று வந்தால் போதும், மனுசனுக்கு உயிர் வந்துவிடும். பூரணம் ஒரு கிழமை பார்த்தாள். பிறகு அவளே போய் அயலவரைக் கூப்பிட்டாள். அளவெட்டிக்கும் கொடிகாமத்துக்கும் ஆள் விட்டாள், ஒருக்கா வந்து கேட்டுவிட்டுப் போங்கோ என்று. வந்தவர்களுக்குப் பாய் விரித்துக் கோப்பி கொடுத்தாள். எல்லாரும் இருந்த பிறகு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, பிறத்தியார் வீட்டுக்கு வந்தவள்போலப் பாயின் கடைசித் தலைப்பில் போய் அவர்களோடு இருந்து, தன் புருசன் பேசுவதைக் கேட்டாள்.