மாட்டு மருந்துக்கு மூன்று ஓட்டு

எர்சிலியாவின் கடையில் சாப்பிட்டு எழுந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன கிளாஸ் அமாரோ இலவசம். அந்தக் கசப்பு மது ஊரில் யார் வீட்டில் ஊறியதாக இருக்க வேண்டும் என்பதை வருடத்துக்கு ஒருமுறை ருசித்துப் பார்த்து முடிவு செய்வார்கள். மூன்று வருடமாக ஜெயித்தவர் குயிரினோ, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மூன்று வருடமும் தோற்றவள் அவருடைய மனைவியின் தங்கை லொரெடானா, ஊரின் கால்நடை மருத்துவர்.

"கொழுந்தியா, மாட்டுக்கு எவ்வளவு, மனுஷனுக்கு எவ்வளவுன்னு இந்தத் தடவையாவது பாட்டில்ல எழுதியிருக்கியா?"

"இல்ல அத்தான். உங்களுக்கு எந்தக் கணக்குன்னு தெரியல, விட்டுட்டேன்."

சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்று என்று அக்காவே சொல்லிப் பார்த்தாள். லொரெடானா கேட்கவில்லை. ஜென்ஷியன் வேரும் மாசிபத்திரியும் நாக்கைப் பிடித்து இழுக்கும் அதே சரக்கைத்தான் இந்த வருடமும் கொண்டுவந்திருந்தாள். ஜெயித்தால் இதுவே ஜெயிக்கட்டும்.

வழக்கமாக நவம்பரில் நடக்கும் இந்த ருசிப் போட்டி, கடையின் கூரை வேலையால் இந்த முறை ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிருந்தது. குயிரினோ தன் தோட்டத்து ஆர்டிசோக் மொக்குகளை ஒரு கூடை கொண்டுவந்திருந்தார். அடுப்படியிலிருந்து அவை முறுகலாகப் பொரிந்து வர வர, எல்லோரும் நின்றபடியே இதழ் இதழாகப் பிய்த்துத் தின்றார்கள். ஏப்ரலில் அந்த ஊரில் ஆர்டிசோக் தின்பதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

சமையல்காரர் இருவருடைய அமாரோவையும் உள்ளேயே கிளாஸ்களில் ஊற்றி, ஒன்றில் சிவப்பு நூலும் மற்றதில் வெள்ளை நூலும் கட்டி அனுப்பினார். எர்சிலியா, ஃபாதர் துல்லியோ, தபால்காரி வாண்டா மூவருக்கும் ஆளுக்கு இரண்டு கிளாஸ். எது யாருடையது என்று ருசிப்பவர்களுக்குத் தெரியாது.

வெள்ளையைக் குடித்த வாண்டா முகம் சுளித்தாள். "இருமல் மருந்து மாதிரி இனிக்குது."

"சிவப்பு!" என்றார் ஃபாதர். "ஆஹா! கசப்பு மெல்ல எழுந்து வருது பாருங்க."

"எனக்கும் சிவப்புதான்" என்றாள் எர்சிலியா. வாண்டாவும் தலையாட்டினாள்.

சமையல்காரர் எட்டிப்பார்த்துச் சொன்னார்: "சிவப்பு டாக்டரம்மாவுது."

லொரெடானா கத்திவிட்டாள். மூன்றுக்கு மூன்று! வாண்டா அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். குயிரினோ வெள்ளை கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியதில் தொண்டை வறண்டுபோக, லொரெடானா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

தண்ணீர் இனித்தது.

இன்னொரு மடக்கு. சந்தேகமே இல்லை, சர்க்கரை கரைத்ததுபோல. அவள் பார்வை தட்டில் குவிந்திருந்த இதழ்களின்மேல் போனது. ஆர்டிசோக்குக்குப் பிறகு எதுவும் இனிக்கும். இனிப்பு அமாரோ திகட்டும், கசப்பு சமனாகும். வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும்.

ஆனால் மாட்டுப் பரிசோதனைக்கு முந்தின நாள் தீவனத்தை மாற்றிவிட்டு வரும் பண்ணைக்காரர்களை ஊரே கேட்கத் திட்டுகிறவள் அவள்.

"எல்லாரும் ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றாள்.

குடித்தார்கள். ஃபாதர் தலையில் கை வைத்தார். குயிரினோ துள்ளி எழுந்தார். "செல்லாது! செல்லாது! ரொட்டி கொண்டாங்க!"

ரொட்டி தின்று, வாய் கொப்பளித்து, இருபது நிமிடம் காத்திருந்து, நூலை மாற்றிக் கட்டி மறுபடி குடித்தார்கள். எர்சிலியாவும் வாண்டாவும் குயிரினோ பக்கம் போய்விட்டார்கள். ஃபாதர் இரண்டையும் காலி செய்துவிட்டு, தீர்மானிக்க இன்னொரு சுற்று வேண்டும் என்றார்.

"சொன்னேன்ல? மாட்டு மருந்து மாட்டுக்குத்தான்!" குயிரினோ மேஜையைத் தட்டினார். லொரெடானா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இரு டாக்டரம்மா" என்றாள் எர்சிலியா. "பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் ஆர்டிசோக் திங்காம இந்தக் கடையில எந்த மேஜையில யாரு எந்திரிச்சிருக்கா? ரொட்டியக் கடிச்சுட்டு இருபது நிமிஷம் உக்காந்திருந்து எவன் அமாரோ குடிக்கிறான்?"

எர்சிலியா தட்டில் கிடந்த இதழ்களைக் காட்டினாள்.

"முதல் சுற்றுதான் என் வாடிக்கைக்காரங்க வாய். மே முடியுற வரைக்கும் லொரெடானாவுது. ஜூன்ல இருந்து உங்களுது, குயிரினோ."

"இது என்ன அநியாயம்! என் பாட்டிலை—"

"கூடையத் தூக்கிட்டு வந்தது யாரு?" என்றாள் வாண்டா.

ஃபாதர் சிரித்த சிரிப்பில் குயிரினோவுக்கும் வாய் கோணியது. "ரெண்டு மாசம்தானே" என்று முனகியபடி, தட்டில் மிஞ்சியிருந்த கடைசி மொக்கை எடுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை தொண்ணூறு பேர்" என்றாள் எர்சிலியா. "வீட்டுல எத்தனை பாட்டில் இருக்கு?"

"பதினொண்ணு... இல்ல, கிளினிக்ல ரெண்டு... எண்ணணும்!"

லொரெடானா வாசலைத் தாண்டியிருந்தாள். வாண்டா தபால் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, "ஏறுடி!" என்றாள்.