பார்சலுக்கு மூன்று நாள் லீவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1994 ஜூலையில், மைசூரில் ஓர் அரசு அலுவலகத்தில், சாகக் கிடந்த நாயைப் பார்த்துக்கொள்ள மூன்று நாள் லீவு கேட்ட பெண்ணுக்கு லீவு கொடுக்காத அதிகாரி நான்தான். கதையில் என் பெயர் இராமச்சந்திரன். நிஜப் பெயரைப் போட எனக்கென்ன பைத்தியமா? பென்ஷன் வாங்குகிறவன்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) இராமச்சந்திரன் வெளியே கண்டிப்பானவராகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் இளகிய மனம் படைத்த—

(ஆ) விதிமுறை என்று ஒன்று இல்லாவிட்டால் ஓர் அலுவலகம் எப்படி—

(இ) கனகலக்ஷ்மி நாயின் வாயில் பாலாடையால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டையும் அடித்துவிட மனம் வரவில்லை. ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

கனகலக்ஷ்மிக்கு வயது நாற்பத்து நான்கு. எங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. (ஏன் ஆகவில்லை என்று கேட்கத் தோன்றும் வாசகர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்துகொள்ளலாம். அங்கே பாதி நாள் அதுதான் வேலை.) அப்பா ரயில்வேயில் கார்டு. ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டைகளுக்கு நடுவே கத்திக்கொண்டிருந்த நாய்க்குட்டியை ஒருநாள் துண்டில் சுற்றி யாதவகிரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிடைத்த இடத்தின் பெயரையே வைத்தார், பார்சல் என்று. பிறகு அப்பா போனார், அம்மா போனாள், அண்ணன் பம்பாய்க்குப் போனான். சாயங்காலம் அவள் பூட்டைத் திறந்தால் எழுந்து வருவதற்கு பார்சல் மட்டும் மிச்சம்.

இப்போது அதற்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. இரண்டு மூன்று நாள்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கையைத் தவிர வேறு யார் கையிலும் அது தண்ணீர் குடிக்கவில்லை. உயிர் போகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

3

அந்த வாரம் பார்த்து பெங்களூரிலிருந்து தணிக்கைக் குழு வந்திருந்தது. குடும்பத்தில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே லீவு என்று இராமச்சந்திரன் முந்தின வாரமே சுற்றறிக்கை விட்டிருந்தார். மறுநாளே ஒன்பது குடும்பங்களில் உயிருக்கு ஆபத்து வந்தது. ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டார்.

இதிலெல்லாம் கைதேர்ந்தவர் தலைமைக் குமாஸ்தா பசவராஜ். யார் எந்த உறவினரை எப்போது சாகடித்தார்கள் என்று தனி நோட்டுப் போட்டு வைத்திருந்தார், ஒரே ஆளை இரண்டு தடவை சாகடித்து மாட்டிக்கொள்ளக் கூடாதே. (அவருடைய அப்பாவே இரண்டு தடவை செத்தவர். நோட்டு அதற்குப் பிறகு வந்தது.) கனகலக்ஷ்மியின் பக்கம் காலியாக இருந்தது. இருபது வருஷ சர்வீஸில் ஒருத்தரைக்கூடவா சாகடிக்கவில்லை என்று கன்னடத்தில் அங்கலாய்த்து, ஓர் அத்தையையாவது எழுதச் சொன்னார்.

அவள் திங்கட்கிழமை காலை, ‘என் வளர்ப்பு நாய் இறக்கும் நிலையில் இருப்பதால்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

4

இந்த இடத்தில் எனக்கு இராமச்சந்திரன் மேல் சந்தேகம் வருகிறது. போன பிரதியில் அவர் அவளை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, ஆறுதல் சொன்னார். காபி வந்தது உண்மை. அவர்தான் குடித்தார்.

விண்ணப்பத்தின் ஓரத்தில், ‘விண்ணப்பதாரருக்கும் நோயாளிக்கும் என்ன உறவு? விளக்கம் தேவை’ என்று எழுதினார். பிறகு அவளைக் கூப்பிட்டு, குரலைத் தணித்துத் தமிழில் பேசினார். அதைப் பெரிய உபகாரமாகவே நினைத்தார்.

"அத்தை சீரியஸ்னு எழுதிக் குடுங்கோ. இப்பவே சாங்ஷன் பண்றேன். நாய்னு எழுதினா எந்த ரூல்ல குடுப்பேன்?"

"அத்தை நன்னா இருக்கா, சார். நாய்தான் போயிண்டிருக்கு."

பொய்க்கு விதி இருந்தது, உண்மைக்கு இல்லை. கோப்பு மூன்று மேஜை ஏறி இறங்கியது.*

* இதைப் படித்த என் மனைவி, பொய்யை எழுதிவிட்டுப் போயிருக்கலாமே, பிழைக்கத் தெரியாதவள் என்றாள். வெகுநாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அப்படி எழுதினால் செத்தது அத்தை என்றாகிவிடும். பார்சல் என்று ஒன்று இருந்து செத்ததற்கு அந்தக் கட்டிடத்தில் ஓர் எழுத்துகூட இருக்காது. அவளுக்கு அது பொறுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

5

முடிவு ஒன்று: செவ்வாய்க்கிழமை இராமச்சந்திரன் மனம் மாறி, ஆபீஸ் ஜீப்பிலேயே அவளை வீட்டில் கொண்டுபோய் விடுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: உங்கள் லீவும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று அவள் எழுந்து போய்விடுகிறாள். கைதட்டல் கிடைக்கும். ஊரார் வேலையை ராஜினாமா செய்வதற்குக் கதாசிரியனுக்கு என்ன செலவு?

நடந்தது வேறு. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, தணிக்கைக் குழுவுக்காக அவள் பழைய ரசீதுக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பார்சல் செத்தது. பக்கத்து வீட்டு லிங்கம்மா கூட இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை என்று ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னாள்.

வியாழக்கிழமை கனகலக்ஷ்மி நேரத்துக்கு வந்தாள். இன்னொரு காகிதம் கொடுத்தாள். தேவை முடிந்துவிட்டபடியால் விடுப்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தது.

அதற்கு விதி இருந்தது. இராமச்சந்திரன்— இல்லை, நான்— அரை நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டேன்.

6

முடிவை நான் எழுதப்போவதில்லை. என் கையெழுத்து எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. அவளுடைய முதல் விண்ணப்பத்தின் அடிப்பகுதியை இங்கே காலியாக விடுகிறேன்.

அனுமதிக்கப்பட்டது: ____________

நீங்கள் போடுங்கள். திங்கள் என்று தேதி போட்டால் நல்லது. செவ்வாய் ஆனாலும் பாதகமில்லை. புதன்தான் முடியும் என்றால் பத்தரைக்குள் போட்டுவிடுங்கள். அவள் யாதவகிரிக்கு நடந்து போக இருபது நிமிஷம் ஆகும்.