இரண்டு கையும் ஒரே அழுக்கு

என் மகன் 'ஒன்பதாவது ஆள்' என்ற தொடரைப் பார்க்கிறவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் இருக்கிறான். அந்தக் குழுவில் யாரோ, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டதற்கு, "துணிப் பராமரிப்புத் துறையில இருக்கேன்" என்று போனில் சொன்னான். என் காதாலேயே கேட்டேன். அப்போது அவன் தோளில் ஒரு அழுக்கு மூட்டை இருந்தது.

எங்களுடையது லாண்டரிக் கடை. துணி வெளுக்கும் மெஷின்கள் அவன் பொறுப்பு, இஸ்திரி என் பொறுப்பு, முன்மேசையில் துணி வாங்கிக் கறை பார்ப்பது மருமகள் பொறுப்பு. இதில் துறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "உனக்குப் புரியாதும்மா" என்றான். முப்பத்தொரு வருஷம் நீராவியில் நின்று அவனைப் படிக்க வைத்தவளுக்கு இது புரியாதா? கடையைச் சொல்லக் கூச்சப்படுகிறான், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் என்னைவிட மருமகளுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். அவள் அடுத்த சட்டையை விரித்தாள்.

மருமகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒருமுறை ஒரு முட்டாள்தனம் செய்தேன். எங்கள் கடையில் ஒவ்வொரு துணியிலும் எண் எழுதிய ஒரு சின்னத் துண்டைக் கோத்துவிடுவோம். அதைத் தண்ணீரில் அழியாத மையால்தான் எழுத வேண்டும். அன்றைக்கு அந்தப் பேனாவைத் தேடப் பொறுமையில்லாமல், கைக்குக் கிடைத்த பேனாவால் எழுதித் தள்ளிவிட்டேன். ஒரே அலுவலகத்தின் நாற்பது வெள்ளைச் சட்டைகள். மெஷினிலிருந்து வெளியே எடுத்தபோது நாற்பது துண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இவள் நாற்பதையும் நீளமேசையில் பரப்பினாள். "இவர் எப்பவும் இடது முழங்கையை ஊனிக்கிட்டு உக்காருவாரு, அத்தை. இவருக்குப் பை தொங்கற தோள் இது. இவரு பேனாவை மூடாமலே பாக்கெட்ல போடற ஆளு." அழுக்குப் போயிருந்தாலும் தேய்மானம் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் நாற்பதுக்கும் எண் எழுதிவிட்டாள். ஒருவர்கூட மாறிவிட்டது என்று திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் ஒரு பெருமை. அதை அவளிடம் சொன்னதில்லை. மாமியார் என்ற பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

இப்போது தொடருக்கு வருகிறேன். பனிப் பாலைவனத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடம். அதில் ஒன்பது பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறச் சட்டை. அவர்களில் ஒருவர் மனிதரே இல்லை, இயந்திரம். மூச்சு விடும், இருமும், அழக்கூடச் செய்யும். யார் அது என்பதுதான் கதை. ஒன்பது வாரம், ஒன்பது பாகம், சனிக்கிழமை தோறும் மாலை நான்கு மணிக்கு.

குழுவில் ஆளுக்கொரு கண்டுபிடிப்பு. அங்கே தலைமைப் பீடம் 'புரொபசர்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர். நிஜத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கூடத்தின் டாக்டரம்மாதான் இயந்திரம் என்பது அவர் கட்சி. இரண்டாம் பாகத்தில் அந்த அம்மாள் நாற்பத்தொரு விநாடி கண் இமைக்கவில்லையாம். கண்ணாடிக்காரருக்குக் கண்தானே தெரியும். என் மகனும் அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தான்.

ஆறாம் பாகத்தை நாங்கள் மூவரும் கடைக்குப் பின்னறையில் பார்த்தோம். மருமகள் மடியில் பட்டன் டப்பாவை வைத்துக்கொண்டு ஒரு கண் அதில், ஒரு கண் திரையில் என்று இருந்தாள். திடீரென்று, "அந்தத் தலைவர்தான்" என்றாள்.

கூடத்தின் தலைவர் என்றால் தொடரிலேயே தங்கமான மனிதர். மெக்கானிக் செத்துப்போனபோது அவர் அழுததைப் பார்த்து நானே மூக்கைச் சிந்தினேன். "போடி, அவரா?" என்றேன்.

"சட்டைக் கையோட முனையைப் பாருங்க, அத்தை. கஃப்பைப் பாருங்க. மத்த எட்டுப் பேருக்கும் ஒரு கை கஃப் அதிகமா அழுக்காகி இருக்கு. எழுதற கை, வேலை செய்யற கை. இவருக்கு ரெண்டும் ஒரே அழுக்கு. ஆறு வாரமா பார்க்கறேன். மனுசனா பொறந்தா ஒரு கைதான் முன்னால போகும். இவருக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான்."

நான் இஸ்திரி போட்ட சட்டைகள் லட்சம் இருக்கும். எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

மகன் அதைக் குழுவில் எழுதினான். ஆனால் எப்படி எழுதினான் தெரியுமா? 'ஒரு நண்பர் கவனித்தது' என்று. குழுவே தலைகீழாகிவிட்டது. பாதிப் பேர் தலைவர் கட்சிக்கு வந்துவிட்டார்கள். "யார் அந்த நண்பர்?" என்று கேட்டால் மட்டும் பூசி மெழுகினான். மருமகள் எல்லாவற்றையும் படித்தாள். "நண்பராம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அன்றைக்கு அவள் ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்றாள். நான் எண்ணினேன்.

எட்டாம் பாகத்தைக் குழுவினர் எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஒரு காப்பிக்கடையின் மேல்மாடி, பெரிய திரை, எழுபது நாற்காலி. குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். மகன் எங்களைக் கூப்பிட யோசித்தான். நான் யோசிக்கவில்லை. கடையை மதியமே பூட்டிவிட்டு நானும் மருமகளும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

பாதிப் பாகம் ஓடியிருக்கும். தலைவர் ஒரு கதவைத் திறக்கக் கையை நீட்டினார். பெரிய திரையில் வலது கஃப் கன்னங்கரேலென்று தெரிந்தது. இடது கை சுத்தமாக இருந்தது.

யாரோ படத்தை நிறுத்தினார்கள். மாடி முழுக்கச் சிரிப்பு. புரொபசர் எழுந்து நின்று, "கஃப் கண்டுபிடிச்ச அந்த நண்பர் இருந்தா கொஞ்சம் கையைத் தூக்குங்க. எந்தக் கைன்னாலும் சரி" என்றார். இன்னும் பெரிய சிரிப்பு. மகன் முகத்தில் ஈயாடவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வந்த கோபத்தில் புரொபசரின் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

மருமகள் சிரிக்கவும் இல்லை, குனியவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவன் பக்கம் சாய்ந்து, "இது அவரு சட்டை இல்லங்க" என்றாள். "செத்துப்போன மெக்கானிக்கோட சட்டை. மேலேர்ந்து ரெண்டாவது பட்டனைப் பாருங்க. கறுப்பு நூல்ல தைச்சிருக்கு. மூணாவது பாகத்துல அந்த ஆள் தானே உக்காந்து தைச்சாரு. மத்த எல்லாருக்கும் சாம்பல் நூல்தான். தன் கஃப் காட்டிக்குடுத்துடும்னு இவருக்கே தெரிஞ்சு போச்சு. அதான் மனுசன் சட்டையை எடுத்துப் போட்டிருக்காரு."

மகன் திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். புரொபசர் விடாமல், "நண்பர் வரலையா, இல்ல நண்பரே இல்லையா?" என்றார்.

சும்மா இருந்துவிடலாம். இரண்டு நிமிடத்தில் எல்லோரும் மறந்துவிட்டுப் படத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவன் இருந்துவிடுவான் என்றுதான் நான் நினைத்தேன். பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா அவனை? தெரியவில்லை. அவன் எழுந்துவிட்டான்.

"நண்பர் இல்ல சார். நான் பொய் சொன்னேன். இதைக் கண்டுபிடிச்சது என் மனைவி. இதோ உக்காந்திருக்காங்க."

"அவங்களும் துணிப் பராமரிப்புத் துறையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"துறையெல்லாம் ஒண்ணும் இல்லங்க. எங்களுக்கு லாண்டரிக் கடை. ஊர் அழுக்கை வாங்கி வெளுத்துக் குடுக்கறோம். அம்மா இஸ்திரி போடறாங்க. இவங்க சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாங்க. இப்பவும் ஒண்ணு சொன்னாங்க. அதையும் கேட்டுட்டு அப்புறம் சிரிங்க."

அவன் உட்கார்ந்தான். மருமகள் எழுந்தாள். பட்டனைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னாள், அவ்வளவுதான். யாரோ மூன்றாம் பாகத்தைத் தேடிப் போட்டார்கள். மெக்கானிக் கட்டிலில் உட்கார்ந்து கறுப்பு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். புரொபசர் திரைக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

கடைசிப் பாகத்தில் என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், மனத்தில் வைத்துக்கொண்டு தவிக்க வேண்டாம். தலைவர்தான். டாக்டரம்மாவுக்கு முன்னால் அந்தச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "உங்க எல்லாருக்கும் ஒரு கைதான் தேயுது. எனக்கு ரெண்டும் தேயறதை நான் ரொம்பத் தாமதமா கவனிச்சேன்" என்றார். அதையும் அதே மாடியில்தான் பார்த்தோம். எழுபது பேரும் திரையை விட்டுவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், "என் மருமகள்தான்" என்று இரண்டு தடவை சொன்னேன். புரொபசர் மறுநாளே ஐந்து சட்டைகளோடு கடைக்கு வந்து, "என்னைப் பத்தி என்ன தெரியுதுன்னு சொல்லுங்கம்மா" என்று முன்மேசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்வதில்லை என்று சொல்லி அவரிடமே அவரைப் பற்றிச் சொல்ல மறுத்துவிட்டாள்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. எட்டாம் பாகம் முடிந்த திங்கட்கிழமை காலை, கறை மேசையிலிருந்து மருமகள் என்னைக் கூப்பிட்டாள். கூட்டத்துக்கு மகன் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டை அவளுக்கு முன்னால் விரித்திருந்தது.

"பாருங்க, அத்தை."

பார்த்தேன். காலர் உள்பக்கம் முழுக்க வியர்வையில் நனைந்து காய்ந்த கோடு. முதுகில் நாற்காலி அளவுக்கு இன்னொன்று. வலது கஃப் மட்டும் கசங்கிச் சுருண்டு கிடந்தது. அதன் பட்டன் ஒற்றை நூலில் தொங்கியது.

"எழுந்து நின்னப்ப இடது கையால இதைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டே பேசியிருக்காரு" என்றாள். "எனக்கு அப்பத் தெரியல. பயமே இல்லாம பேசறாருன்னு நினைச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது."

"எவ்வளவு பயந்திருக்காரு, அத்தை." துண்டில் எண் எழுத எடுத்த பேனாவை அவள் கீழே வைத்துவிட்டாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பிள்ளை தைரியசாலி இல்லை. நடுங்கிக்கொண்டே எழுந்து நின்று அவளைச் சொன்னான், என்னைச் சொன்னான், கடையைச் சொன்னான். உள்ளே மெஷின் அருகே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது எதுவும் தெரியாது.

"நீதான்டி எங்க கடையோட கண்ணு" என்று மருமகளிடம் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து சொன்னேன். அவள் பட்டன் டப்பாவை என் பக்கம் தள்ளினாள். சட்டை வெளுத்துக் காய்ந்து வந்ததும் நானே தைக்க உட்கார்ந்தேன். அவள் வெள்ளை நூல்கண்டை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கறுப்பு நூலைக் கோத்தேன். எத்தனை வெள்ளைச் சட்டைகளோடு கலந்து வந்தாலும் அந்தச் சட்டை எனக்குத் தெரிய வேண்டும்.